வண்டிக்குத் தாகம் இல்லை!



கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கேரளத்து மலைகளுக்கு ஏறும் மூன்று சாலைகள் உங்களில் பலருக்குப் பழக்கமானவை. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஒன்று. கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கு ஒன்று. கூடலூரைத் தாண்டி லோயர் கேம்ப் வழியாகக் குமுளிக்கு ஒன்று. இந்தச் சாலைகளின் ஏதாவது ஒரு வளைவில், பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு ஜீப்போ காரோ நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். முன்புறம் ஆவி பறக்கும். ஓட்டுநர் கையில் தண்ணீர்க் கேன் இருக்கும். “ஒண்ணுமில்ல, வண்டிக்குத் தாகம். தண்ணி ஊத்துனா சரியாயிரும்” என்பார்.

‘தாகம்’ என்ற இந்தச் சொல்லோடுதான் எனக்கு வழக்கு. வண்டிக்குத் தாகம் எடுப்பதில்லை. பெட்ரோலும் டீசலும் எரிந்து தீர வேண்டிய பொருள்கள். என்ஜினைக் குளிர்விக்கும் நீர் அப்படித் தீர வேண்டிய பொருள் அன்று. உடம்பில் இரத்தம் சுற்றுவதுபோல அது உள்ளேயே சுற்றிச் சுற்றி வர வேண்டியது. நல்ல நிலையிலுள்ள வண்டியில் மாதக்கணக்கில் ஓடினாலும் அதன் அளவு குறைவது கண்ணுக்குத் தெரியாது. அடிக்கடி குறைந்தால் வண்டிக்கு ஏதோ நோய் என்று பொருள். நோயாளிக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைக்கலாம். அதையே வைத்தியம் என்று சொல்லலாமா? சொல்லக்கூடாது என்பதே என் கட்சி. வைத்தியத்தை எங்கே தொடங்குவது என்று கேட்டால், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சிறு பொருளைக் காட்டுவேன். அதுதான் ரேடியேட்டர் மூடி.

தாகம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது?

இந்த எண்ணம் வீணாகப் பிறந்ததன்று. முதல் கார்கள் உண்மையாகவே தண்ணீர் குடித்தன! ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் அமைத்த மூன்று சக்கர வண்டியில் என்ஜினைச் சுற்றியிருந்த நீர் கொதித்து ஆவியாகி வெளியேறியது. அந்த ஆவிதான் வெப்பத்தையும் எடுத்துச் சென்றது. 1888-ல் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ் தம் இரு மகன்களோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் பயணம் செய்தார். வழிநெடுக வண்டிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது.

பிறகு நிலைமை மாறியது. வில்ஹெல்ம் மைபாக் என்ற பொறியாளர் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை அமைத்தார். 1901-ல் வெளிவந்த மெர்சிடிஸ் காரில் அது இடம் பெற்றது. 8000-க்கும் மேற்பட்ட சிறு குழல்கள் அதில் இருந்தன. காற்றுக்கும் உலோகத்துக்கும் இடையே தொடுபரப்பு பெருகியதால் சிறிதளவு நீரே மீண்டும் மீண்டும் சூடாகி, ஆறி, பயன்பட்டது. காலப்போக்கில் நீர் சுற்றும் பாதை முழுவதும் மூடப்பட்டது. அதன்மேல் அழுத்தமும் ஏற்றப்பட்டது. வண்டி தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டது. நாம்தான் ஊற்றும் பழக்கத்தை இன்னும் விடவில்லை!

மலையேற்றம் கேட்கும் விலை

சமவெளியில் ஒழுங்காக ஓடும் வண்டி மலையில் ஏன் கொதிக்கிறது? இதற்கு விடை லோயர் கேம்பிலேயே இருக்கிறது. 1895-ல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே நம் பக்கம் வருகிறது. பிறகு பெரிய இரும்புக் குழாய்களில் சரிந்து இறங்கி, லோயர் கேம்ப் மின்நிலையத்தில் மின்சாரம் தருகிறது. உயரத்திலிருந்து இறங்கும் பொருள் ஆற்றலைத் தருகிறது. அப்படியானால் உயரத்துக்கு ஏறும் பொருள் ஆற்றலைக் கேட்கும் அல்லவா? நீர் இறங்கும் அந்தச் சரிவில்தான் நம் வண்டி ஏறுகிறது.

உங்கள் பாடப் புத்தகத்திலுள்ள சூத்திரத்தைக் கொண்டே கணக்கிடுவோம். ஆட்களோடும் சுமையோடும் 2000 கிலோகிராம் நிறையுள்ள ஜீப் ஒன்று போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறுகிறது. உயரம் ஏறத்தாழ 1000 மீட்டர். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொள்வோம். 2000 × 10 × 1000 = 2 கோடி ஜூல். வண்டியை உயர்த்துவதற்கு மட்டும் ஆகும் வேலை இது.

எரிபொருள் தரும் ஆற்றலில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கே பயனுள்ள வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போய்விடுகிறது. மற்றொரு பங்கு என்ஜினின் சுவர்களைச் சூடாக்குகிறது. அதாவது, 2 கோடி ஜூல் வேலை நடக்கும்போது ஏறக்குறைய அதே அளவு வெப்பம் குளிர்விக்கும் நீரில் வந்து சேர்கிறது. ஒரு லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரி செல்சியசுக்குக் கொண்டுவர ஏறத்தாழ 3 லட்சம் ஜூல் வேண்டும். ஆகவே அந்த ஒரு மலையேற்றத்தின் வெப்பம் 65 லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது! வண்டிக்குள் இருப்பதோ சுமார் 10 லிட்டர். ஏறும்போது வண்டி மெல்லப் போவதால் ரேடியேட்டரில் மோதும் காற்றும் குறைவு. இவ்வளவு வெப்பத்தையும் காற்றில் கொட்ட வேண்டிய வேலை அந்தப் பத்து லிட்டரின் தலையில் விழுகிறது.

மூடியல்ல, வால்வு!

ரேடியேட்டர் மூடியின் பங்கு இங்கேதான் வருகிறது. தண்ணீர்க் குடத்தின் மூடி தூசி விழாமல் காக்கும். ரேடியேட்டர் மூடி அத்தகையதன்று. அது பிரஷர் குக்கரின் மூடிக்கு உறவு.

உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும். அதனால் நீரின் கொதிநிலையும் குறையும். ஏறத்தாழ 300 மீட்டருக்கு 1 டிகிரி வீதம் குறையும் என்று சொல்லலாம். போடிமெட்டு கடல் மட்டத்திலிருந்து 1300 மீட்டருக்கும் மேல் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் நீர் 95, 96 டிகிரியிலேயே கொதிக்கும். கடுமையாக உழைக்கும் என்ஜினின் நீர் 90 டிகிரியைத் தாண்டுவதோ சாதாரணம். ஐந்து டிகிரிதான் இடைவெளி. இது போதாது.

மூடியின் உட்புறத்தைப் பாருங்கள். ஒரு சுருள்வில், அதன் அடியில் ஒரு ரப்பர் வளையம். மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்பது போன்ற எண் பொறித்திருக்கும். காற்றழுத்தத்துக்கு மேல் இவ்வளவு அழுத்தம் உள்ளே சேரும்வரை சுருள்வில் விட்டுக்கொடுக்காது என்பதே அதன் பொருள். 0.9 எண்ணுள்ள மூடி சரியாக வேலை செய்தால், வெறும் தண்ணீரும் கடல் மட்டத்தில் சுமார் 118 டிகிரி வரை, போடிமெட்டில் சுமார் 116 டிகிரி வரை கொதிக்காது. ஐந்து டிகிரியாக இருந்த இடைவெளி இருபதுக்கும் மேலாகிவிட்டது! குக்கரில் பருப்பு விரைவாக வேகும் அதே விதி, இங்கே என்ஜினைக் காக்கிறது.

நீர் கொதித்தால்தான் என்ன கெட்டுவிடும்? நீராவிக் குமிழ்கள் நீரைப் போல வெப்பத்தை வாங்கிக்கொள்வதில்லை. என்ஜினின் தலைப்பகுதியில் குமிழ் சேர்ந்த இடம் மட்டும் அளவுமீறிச் சூடாகும். உலோகம் வளையும், இடையிலுள்ள கேஸ்கெட் எரியும். பிறகு பெருஞ்செலவுதான்.

மூடியின் நடுவில் இன்னொரு குட்டி வால்வும் உண்டு. 10 லிட்டர் நீர் 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடாகும்போது ஏறத்தாழ 300 மில்லிலிட்டர் விரிவடைகிறது. இந்த உபரி, பெரிய வால்வைத் தள்ளிக்கொண்டு சிறு குழாய் வழியாகப் பக்கத்திலுள்ள பிளாஸ்டிக் தொட்டிக்குப் போகும். வண்டி ஆறியதும் உள்ளே அழுத்தம் குறையும். அப்போது நடு வால்வு திறந்து, போன நீரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். கொடுத்ததைக் கணக்காகத் திரும்ப வாங்கும் ஏற்பாடு! புதிய கார்கள் பலவற்றில் இந்த மூடி ரேடியேட்டரின் மேல் இல்லாமல் தொட்டியின் மேலேயே இருக்கும். வேலை ஒன்றுதான்.

இப்போது ‘தாகத்தின்’ இரகசியம் புரிகிறதா? சுருள்வில் தளர்ந்தாலும் ரப்பர் வெடித்தாலும் அழுத்தம் நிற்காது. நீர் முன்னதாகவே கொதித்து வெளியேறும். நடு வால்வு கெட்டால் வெளியேறியது திரும்பாது. ஓட்டுநர் தண்ணீர் ஊற்றுவார். மறுநாளும் ஊற்றுவார். ஒரு மூடியின் நோய், வண்டியின் தாகமாகப் பேசப்படும். ஒழுகும் குழாய், தளர்ந்த பெல்ட், அடைத்துக்கொண்ட ரேடியேட்டர், பழுதான நீர்ப் பம்பு ஆகியவையும் காரணமாகலாம்தான். ஆனால் மிக எளிதாகப் பார்க்கக்கூடியதும், மிகக் குறைந்த செலவில் மாற்றக்கூடியதும் மூடியே. அதை விட்டுவிட்டு மற்றவற்றைத் தேடுவது முறையா?

சூட்டில் திறந்தால்

இனிச் சொல்லப்போவதை நினைவில் நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே 10 லிட்டர் நீர் 115 டிகிரியில் இருக்கிறது. அழுத்தத்தால் கொதிக்காமல் அடங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய்விடும். நீரின் கொதிநிலை சட்டென 100 டிகிரிக்கு இறங்கிவிடும். மிஞ்சிய 15 டிகிரியின் வெப்பம், அதாவது 10 × 4200 × 15 = 6,30,000 ஜூல், நீரின் ஒரு பகுதியை உடனே ஆவியாக்கும். ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 22,60,000 ஜூல் வேண்டும். வகுத்துப் பாருங்கள். சுமார் 280 கிராம் நீர் ஆவியாகும். கேட்கச் சிறிய அளவு. ஆனால் ஒரு கிராம் நீராவி 1.6 லிட்டருக்கும் மேல் இடம் கேட்கும். ஆகவே 450 லிட்டர் நீராவி, கொதிநீரையும் அள்ளிக்கொண்டு, அந்தச் சிறு துளை வழியே பீறிடும்! குனிந்து நிற்பவரின் முகமும் கையும்தான் அதற்கு எதிரே இருக்கின்றன.

குக்கர் விசிலடிக்கும்போது மூடியைப் பிடுங்க அம்மா விடுவாரா? ஆனால் அதே வீட்டில், கொதிக்கும் வண்டியின் மூடியைத் துணியைச் சுற்றித் திறக்கிறார்கள். துணி கையைச் சிறிது காக்கலாம், முகத்தைக் காக்காது. அரைச் சுற்றில் ஒருமுறை தடுத்து நிற்கும்படி சில மூடிகளை அமைத்திருக்கிறார்கள். அதையும் நம்ப வேண்டாம்.

உங்கள் அப்பாவோ மாமாவோ அண்ணனோ திறக்கப் போனால் தடுங்கள். “மரியாதை இல்லாமல் குறுக்கே பேசுகிறானே” என்று கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, என்ஜினை அணைத்து, அரை மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருக்கச் சொல்லுங்கள். ரேடியேட்டரும் மேல் ரப்பர் குழாயும் நன்றாக ஆறிய பிறகே மூடியில் கை வைக்கலாம். தவறிச் சுட்டுவிட்டால், சுட்ட இடத்தில் 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீரை ஓடவிட்டு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மை, பற்பசை, மாவு எதுவும் தடவக்கூடாது.

“எங்கள் காலத்தில் ஓடவில்லையா?”

நான் சொல்வதற்கு மறுப்பு உண்டு என்பதை அறிவேன். “காலம் காலமாகத் தண்ணீர்தான் ஊற்றினோம். வண்டி ஓடவில்லையா? கூலன்ட் எல்லாம் குளிர் நாட்டுக்காரனுக்கு!” என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

இதில் பாதி உண்மை இருக்கிறது. கூலன்டிலுள்ள கிளைக்கால் நீர் உறையாமல் காக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் நீர் உறைவதில்லை. ஆனால் கூலன்டுக்கு வேறு வேலைகளும் உண்டு. அது கொதிநிலையைச் சற்று உயர்த்துகிறது. அதில் கலந்துள்ள மருந்துப் பொருள்கள் துரு ஏறாமல் தடுக்கின்றன. பழைய என்ஜின்கள் கனத்த வார்ப்பிரும்பால் ஆனவை. ரேடியேட்டர்கள் செம்பு, பித்தளை. இன்றைய என்ஜின்களில் அலுமினியம் மிகுதி; ரேடியேட்டர் குழல்களும் மெல்லியவை. அலுமினியமும் இரும்பும் உப்பு நீரில் சேர்ந்து கிடந்தால் என்ன ஆகும்? மின்கலம் பற்றிய பாடத்தை நினைத்துப் பாருங்கள். அலுமினியம் அரித்துப் போகும்.

உப்பு எங்கிருந்து வரும்? ஆழ்துளைக் கிணற்று நீரிலிருந்துதான். வெந்நீர் போடும் அண்டாவின் உட்புறம் வெள்ளைப் படிவு பிடிப்பதைக் கண்டிருப்பீர்கள். நீரில் கரைந்திருந்த கால்சியம், மக்னீசியம் உப்புகள் சூட்டில் படிந்தவை அவை. செம்பு வெப்பத்தைக் கடத்துவதில் நூறில் ஒரு பங்குகூட இந்தப் படிவு கடத்தாது. ரேடியேட்டரின் மெல்லிய குழலுக்குள் இது பிடித்தால் என்னவாகும்? ஊற்றிய தண்ணீரே வெப்பத்துக்கு அணை கட்டிவிடும். வைத்தியமே நோயாகிவிட்டது!

வழியில் வேறு கதி இல்லாதபோது வெறும் தண்ணீர் ஊற்றுவதை நான் குறை சொல்லவில்லை. என்ஜின் ஆறிய பிறகு ஊற்றலாம். கொதிக்கும் என்ஜினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் விரிசல் விடக்கூடும். ஊருக்குத் திரும்பியதும் காரணத்தைக் கண்டுபிடித்து, அந்த நீரை வடித்துவிட்டு, வண்டிக்குரிய கூலன்டை நிரப்ப வேண்டும். இதைச் செய்யாமல் மறுநாளும் கேனைத் தூக்குவதுதான் தவறு. கூலன்ட் இனிப்பானது, ஆனால் நஞ்சு. வடித்ததைத் தெருவில் கொட்டினால் நாயோ குழந்தையோ நக்கிவிடும்.

“மூடி கெட்டால் இன்னும் பெரிய எண்ணுள்ள மூடியைப் போட்டுவிடலாமே” என்றும் சிலர் கேட்கலாம். கூடாது. எண் கூடினால் அழுத்தம் கூடும். குழாய்களும் ரேடியேட்டரின் இணைப்புகளும் அதைத் தாங்க அமைந்தவை அல்ல. வண்டிக்கு எந்த எண்ணோ அதே எண்தான்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதையும் இங்கே சொல்ல வேண்டும். “நம்ம ஊர் வெயிலுக்கு இது எதற்கு?” என்று கேட்கிறார்கள். நீர் உரிய சூட்டை அடையும்வரை ரேடியேட்டருக்குப் போகாமல் தடுத்து வைக்கும் வால்வு அது. வெயில் 40 டிகிரிதான். என்ஜினுக்கு வேண்டியதோ 80 டிகிரிக்கும் மேல். அளவான சூடு இல்லாத என்ஜின் எரிபொருளை வீணாக்கும், தேய்மானமும் கூடும். கோளாறைச் சரிசெய்யாமல் உறுப்பை வெட்டி எறியும் வைத்தியம் இது.

இது யாருடைய கவலை?

“கார் வைத்திருப்பவர் கவலை, நமக்கென்ன?” என்று எண்ணாதீர்கள். கம்பம், கூடலூர், போடிப் பக்கத்து ஊர்களிலிருந்து விடியற்காலையில் எத்தனை ஜீப்புகள் மலையேறுகின்றன! இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் அவற்றில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். உங்களில் சிலருடைய அம்மாவோ அத்தையோ அவர்களில் ஒருவராக இருக்கலாம். நடுவழியில் ஜீப் நின்றால் அன்றைய கூலி போயிற்று. குறுகிய வளைவில் நிற்கும் வண்டியால் பின்னால் வருபவருக்கும் ஆபத்து. உள்ளே ஏறும் ஒவ்வோர் ஆளும் நம் கணக்கிலுள்ள ஜூலை உயர்த்துகிறார் என்பதையும் மறக்கக்கூடாது. அளவுக்கு மீறி ஆளேற்றுவது சட்டத்துக்கு மட்டும் விரோதமன்று. வெப்ப இயலுக்கும் விரோதம்.

மின்சார வண்டிகள் பெருகினால் இந்தத் தொல்லை ஒழியும் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். அவற்றில் பலவற்றிலும் மின்கலத் தொகுப்பைக் குளிர்விக்கத் திரவம் சுற்றுகிறது. வெப்பத்துக்கு வழி காட்டும் கடமை எந்த எந்திரத்தையும் விடாது.

ஆகவே நீங்கள் செய்யக்கூடியது என்ன? காலையில், வண்டி முற்றிலும் ஆறியிருக்கும்போது, வீட்டுப் பெரியவரை அழைத்துக்கொண்டு பாருங்கள். தொட்டியில் நீர் மட்டம் இரு கோடுகளுக்கு இடையே இருக்கிறதா? மூடியின் ரப்பரில் வெடிப்பு உண்டா? சுருள்வில் விறைப்பாக உள்ளதா? நடு வால்வு மெல்ல இழுத்தால் திறந்து, விட்டால் மூடுகிறதா? மூடியைச் சுற்றி வெள்ளையோ துருவோ ஒழுகிய தடம் தெரிகிறதா? ஆறிய பிறகு மேல் குழாய் சப்பிப் போயிருக்கிறதா? சப்பியிருந்தால் நடு வால்வைச் சந்தேகிக்கலாம். கண்டதைத் தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். நீர் மட்டம் வாரந்தோறும் குறைந்தால் அந்த நோட்டே மெக்கானிக்கிடம் சாட்சி சொல்லும்.

பள்ளியில் செய்ய ஒரு வேலையும் உண்டு. பட்டறையில் கழித்துப் போட்ட மூடி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ரப்பர் வட்டத்தின் விட்டத்தை அளந்து பரப்பைக் காணுங்கள். விட்டம் 3 செ.மீ. என்றால் பரப்பு ஏறத்தாழ 7 சதுர செ.மீ. ஒரு சதுர செ.மீட்டருக்கு 0.9 கிலோ வீதம் 6 கிலோவுக்கும் மேற்பட்ட எடையை அந்தச் சிறு சுருள்வில் தாங்க வேண்டும்! கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். சுலபமாக அமுங்கினால், அந்த மூடியை ஏன் கழித்தார்கள் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

அழுத்தம், கொதிநிலை, உள்ளுறை வெப்பம் ஆகியவற்றைத் தேர்வுக்காகப் படிக்கிறோம், மதிப்பெண்ணும் வாங்குகிறோம். அந்தப் பாடம் மூன்றும் சேர்ந்து ஒரு மூடிக்குள் இருப்பதை அறியாமல், கொதிக்கும் வண்டியின்மேல் கை வைத்தால் படித்ததற்குப் பொருள் என்ன? அடுத்த முறை மலைப்பாதையில் யாராவது “வண்டிக்குத் தாகம்” என்றால், “தாகம் இல்லைங்க, மூடியைப் பாருங்க, ஆனா ஆறின பிறகு பாருங்க” என்று சொல்லுங்கள்.